கஞ்சா கேக்கும் நாலு டெசிமல் கணக்கும்

டிஸ்கி: இது செய்முறைப் பதிவு இல்லை. கூகுளாண்டவர் கைகாட்டி உள்ள வந்தவங்க அப்படியே அடுத்த கடைக்குப் போயிடலாம். 'போதை பாதை மாற்றும்' வகை போஸ்டரும் இல்லை. ரெண்டு கோஷ்டியையும் திட்டப் போறேன், அதனால ரெண்டு பக்கமும் கல்லு வரும். வரட்டும்.

கொஞ்ச நாளா நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல ஒரு புது வகை சித்தர்கள் கிளம்பியிருக்காங்க. பீடி சிகரெட் தொடமாட்டாங்க. காலையில ஜிம், சாயங்காலம் புரோட்டீன் பவுடர். வீட்டுல ஒரு அவன், ஒரு எலக்ட்ரானிக் தராசு, வெண்ணெய் ரெண்டு பாக்கெட். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா கஞ்சா போட்டு பிரௌனி சுடுறாங்க. கேட்டா, "மாப்ள, புகைதான்டா நுரையீரலுக்குக் கெடுதல். இது சாப்பாடு. அளவா, கணக்கா, சேஃப்பா பண்றோம்"னு பதில்.

இந்தக் 'கணக்கா'ங்கிற வார்த்தைதான் எனக்கு எரியுது. கஞ்சா சாப்பிடுறது பாவமா புண்ணியமாங்கிற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். ஆனா கணக்குன்னு சொல்லிட்டீங்கன்னா அது என் ஏரியா.

இவங்க கிட்ட ஒரு கால்குலேட்டர் இருக்கு. நெட்டுல கிடைக்கிற சமாச்சாரம். எத்தனை கிராம், எத்தனை சதவீதம் டிஎச்சி, எத்தனை வெண்ணெய், எத்தனை துண்டுன்னு நாலு கட்டத்துல நிரப்பினா 'ஒரு துண்டுக்கு 9.3750 மில்லிகிராம்'னு விடை வரும். நாலு டெசிமல்! இஸ்ரோல கூட இவ்வளவு நம்பிக்கையா பேசமாட்டாங்க. அந்த ரெண்டாவது கட்டத்துல என்ன போட்டேன்னு கேட்டேன். "பொதுவா பதினஞ்சுன்னு சொல்றாங்கடா." யாரு சொல்றா? சப்ளை பண்றவன். அவனுக்கு யாரு சொன்னா? அவனுக்கு சப்ளை பண்றவன்.

முதல் செமஸ்டர்லயே சொல்லிக் கொடுத்தது இது. குப்பையை உள்ள போட்டா வெளிய குப்பைதான் வரும். டெசிமல் புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் போட்டாலும் குப்பை குப்பைதான், கொஞ்சம் நீளமான குப்பை.

நீங்களே போட்டுப் பாருங்க. அஞ்சு கிராம் பூ. அதுல டிஎச்சி 4 சதவீதம்னா மொத்தம் 200 மில்லிகிராம். 16 சதவீதம்னா 800 மில்லிகிராம். இருபது துண்டா வெட்டினா முதல் கணக்குல துண்டுக்கு 10, ரெண்டாவது கணக்குல 40. ஆந்திரா ஒடிசா எல்லை மலையில வெளஞ்சு, கோணியில அமுங்கி, பஸ்ஸும் ரயிலும் மாறி வந்த சரக்கு நாலா பதினாறான்னு கண்ணால பார்த்து எவனாலும் சொல்லமுடியாது. லேப்ல மட்டும்தான் முடியும். நம்ம ஊர்ல எந்த லேப் கவுண்டர்ல போய், "அண்ணே, இதைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணித் தாங்க"ன்னு நீட்டுவீங்க?

இது முதல் ஓட்டைதான். பச்சைச் செடியில இருக்கிறது பெரும்பாலும் டிஎச்சி இல்லை, அதோட அமில வடிவம். சூட்டுல அது மாறினாதான் போதை. வீட்டு அவன்ல எவ்வளவு மாறுச்சு, எவ்வளவு கருகிப் போச்சு, வெண்ணெய்ல எவ்வளவு இறங்குச்சு, சக்கையோட எவ்வளவு போச்சு? எல்லாமே யூகம். யூகத்தை யூகத்தால பெருக்கிக்கிட்டே போறாங்க. கடைசியா மாவு கலக்குறது. கொழுப்புல கரையுற சரக்கு மாவு முழுக்க ஒரே சீரா பரவும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஓரத்துத் துண்டுல ஒண்ணுமே இருக்காது, நடுத் துண்டுல எட்டு பேருக்கானது இருக்கும். சாத்தூர் காராச்சேவுல ஒரு வாய்க்கு மிளகு சிக்கும், அடுத்த வாய்க்குச் சிக்காது பாருங்க, அந்த மாதிரி. மிளகு சிக்கினா தண்ணி குடிச்சா தீர்ந்தது.

சரி, வீட்டுல செய்யறவனுக்குத்தான் தெரியலை, லைசென்ஸ் வாங்கி ஃபேக்டரி வச்சவனுக்கு? 2015ல 'ஜாமா' மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்காவுல சட்டபூர்வமா விக்கிற 75 கஞ்சா தின்பண்டங்களை வாங்கி சோதிச்சாங்க. லேபிள்ல போட்ட அளவுக்குக் கிட்டத்துல இருந்தது 17 சதவீதம்தான். 60 சதவீதத்துல போட்டதை விடக் குறைவு. 23 சதவீதத்துல போட்டதை விட அதிகம். மெஷினும் கெமிஸ்ட்டும் வச்சிருந்தவங்க லட்சணமே அப்படின்னா, ரெண்டாயிரம் ரூபா அவனை வச்சுக்கிட்டு நாலு டெசிமல் பேசுறவரை என்னன்னு சொல்ல?

இப்ப உடம்புக்குள்ள நடக்குறதுக்கு வருவோம். இது புரியாமதான் பாதிப் பேர் மாட்டுறாங்க.

புகையா இழுத்தா சில நிமிஷத்துல தலைக்கு ஏறும். ஏறுறது தெரியுறதால நிறுத்திக்க ஒரு வாய்ப்பு இருக்கு. சாப்பிட்டா அப்படியில்லை. வயித்துக்குப் போய், குடலுக்குப் போய், கல்லீரலுக்குப் போய், அங்க டிஎச்சி 11-ஹைட்ராக்ஸி-டிஎச்சின்னு இன்னொரு சரக்கா மாறி அப்புறம் மூளைக்குப் போகுது. இதுவும் போதைதான், வீரியத்துல கொஞ்சமும் சளைச்சதில்லை. அரை மணியில இருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாம இருக்கலாம். உச்சத்துக்குப் போக ரெண்டுல இருந்து நாலு மணி நேரம். இறங்க ஆறு, எட்டு, சிலருக்கு பன்னெண்டு மணி நேரம். அன்னிக்கு வயித்துல புரோட்டா சால்னா இருக்கா, பட்டினியாங்கிறதைப் பொறுத்து இதெல்லாம் முன்ன பின்ன போகும்.

நம்மாளு என்ன பண்ணுவாரு? ஒரு துண்டு சாப்பிடுவாரு. நாப்பது நிமிஷம் பொறுப்பாரு. "என்னடா ஒண்ணுமே இல்ல, ஏமாத்திட்டான்"னு இன்னும் ரெண்டு துண்டை உள்ள தள்ளுவாரு. சர்வர் ரெஸ்பான்ஸ் வரலைன்னு சப்மிட் பட்டனை அஞ்சு தடவை அமுக்குற யூசர் மாதிரி. அஞ்சு ஆர்டரும் வரிசையா வந்து நிக்கும், கேன்சல் கிடையாது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. கொலராடோவுல 2014 ஜனவரி 1ல இருந்து கடையில வச்சு விக்கலாம்னு திறந்துவிட்டாங்க. அதே மார்ச்ல ஒரு 19 வயசு கல்லூரிப் பையன் ஒரு குக்கீ வாங்குறான். மொத்தம் 65 மில்லிகிராம், ஆறு பேர் அளவு. கடைக்காரர் ஆறுல ஒரு பங்கு சாப்பிடுன்னு சொல்லித்தான் கொடுக்கிறாரு. சாப்பிட்டான். ஒரு மணி நேரத்துக்குள்ள ஒண்ணும் தெரியலைன்னு மீதி மொத்தத்தையும் சாப்பிட்டான். கொஞ்ச நேரத்துல ஆளே மாறி, சம்பந்தமில்லாம பேசி, கடைசியில நாலாவது மாடி பால்கனியில இருந்து குதிச்சுட்டான். அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015ல இதை ஒரு அறிக்கையாவே வெளியிட்டுச்சு. 'கஞ்சாவால இதுவரைக்கும் ஒருத்தன் கூட செத்ததில்லை'ன்னு டீசர்ட் போட்டுக்கிட்டுத் திரியுறவங்க அதை ஒரு தடவை படிக்கலாம். 2014லயே நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மௌரீன் டவ்ட் டென்வர் ஓட்டல்ல ஒரு கஞ்சா சாக்லேட்டைத் தின்னுட்டு, தான் செத்தே போயிட்டோம்னு நினைச்சு எட்டு மணி நேரம் சுருண்டு கிடந்ததை அவங்களே எழுதினாங்க. படிச்சவங்க, உலகம் சுத்தினவங்க.

அதுக்கப்புறம் கொலராடோ ஒவ்வொண்ணா பாடம் படிச்சுது. ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 100ன்னு தனித்தனியா பிரிச்சுக் கட்டச் சொன்னாங்க. ஒவ்வொரு துண்டு மேலயும் முத்திரை குத்தச் சொன்னாங்க. கரடி பொம்மை, பழ வடிவ மிட்டாய்க்குத் தடை போட்டாங்க. கனடா 2019ல தின்பண்டத்தை அனுமதிச்சப்ப இன்னும் உஷாரா, ஒரு முழு பாக்கெட்டுக்கே 10 மில்லிகிராம்தான்னுட்டாங்க. ஆராய்ச்சிக்குன்னு அமெரிக்க அரசு 2021ல வச்ச அலகு 5 மில்லிகிராம். நம்ம மைக்ரோவேவ் சித்தர்களோட நடுத் துண்டு இதுல எத்தனை மடங்குன்னு நீங்களே வகுத்துக்குங்க.

இந்த இடத்துல ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. "தம்பி, இதெல்லாம் வெள்ளைக்காரன் சொன்னது. நம்ம சித்தர்கள் பயன்படுத்தின மூலிகை. கோரக்கர் மூலின்னே பேரு."

ஆமாண்ணே, பேரு அதேதான். எங்க மாவட்டத்துலதான் சதுரகிரியும் இருக்கு. ஆடி அமாவாசைக்கு மலையேறுறவங்க கோரக்கர் குகையைப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. சித்த மருத்துவத்துல கஞ்சா சேர்த்த லேகியங்கள் இருக்கிறதும் நிஜம். ஆனா அதே சித்த மருத்துவத்துல 'சுத்தி'ன்னு ஒண்ணு இருக்கே, அதை ஏன் வசதியா மறந்துடுறீங்க? நஞ்சுச் சரக்கை சுத்தி பண்ணாம மருந்துல சேர்க்கக் கூடாது. எடை, அனுபானம், பத்தியம், எத்தனை நாள், யாருக்கு ஆகாது எல்லாம் உண்டு. அந்த வைத்தியர் குன்றிமணி எடை, சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவுன்னு பேசுவாரு. உங்க பிரௌனி ரெசிப்பில 'ஒரு கைப்பிடி, உங்க டேஸ்ட்டுக்கு ஏத்த மாதிரி'ன்னு இருக்கு. சித்தர் பேரை டிரேட்மார்க் மாதிரி ஒட்டிக்கிட்டு அவர் சொன்ன அளவை மட்டும் குப்பையில போடுறதுக்குப் பேரு பாரம்பரியமா?

'இயற்கையானது, அதனால ஒண்ணும் ஆகாது' வாதத்துக்குப் பதிலே தேவையில்லை. அரளி விதையும் இயற்கைதான், ஊமத்தங்காயும் இயற்கைதான்.

எனக்கு இந்த அளவுப் பைத்தியம் ஊர்க்காத்து. மல்லாங்கிணறுல இருந்து தெக்கயும் மேக்கயும் போனா மருந்துன்னா வேற அர்த்தம். வெடிக்குள்ள போற கலவைக்குப் பேரு மருந்து. தலைவலி மாத்திரையும் மருந்துதான், சரவெடிக்குள்ள இருக்கிறதும் மருந்துதான். யோசிச்சுப் பார்த்தா சரியான பேரு. ரெண்டுலயும் உயிர் அளவுல இருக்கு. ஒரு அறையில எத்தனை பேரு, எவ்வளவு மருந்து, கலந்ததை ராத்திரி தங்க வைக்கலாமா, போர்மேனுக்குச் சான்றிதழ் இருக்கான்னு எல்லாத்துக்கும் விதி இருக்கு. விதியை மீறினா என்ன ஆகும்னு சிவகாசிப் பக்கத்துக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5ல முதலிப்பட்டியில ஏறத்தாழ 40 பேரு, 2021 பிப்ரவரி 12ல அச்சங்குளத்துல 20 பேருக்கு மேல. ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல அதே வரி வரும், மருந்து கலக்கும்போது உராய்வுன்னு. பத்து வருஷமா கலக்குறேன், கையே அளவுன்னு சொன்ன அனுபவசாலிகள் இருந்த தொழில் அது. அதனாலதான் ஒருத்தன் என்கிட்ட வந்து "கண் பார்த்தா கை அளந்துடும் மாப்ள"ன்னா எனக்குச் சிரிப்பு வராது.

கேஸ் விஷயத்துலயும் இந்தச் சித்தர்களுக்கு அபார நம்பிக்கை. 'கொஞ்சமா வச்சிருந்தா ஒண்ணும் இல்லை, ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்'. 1985 என்.டி.பி.எஸ். சட்டத்துல கஞ்சான்னா பூவும் காயுமா இருக்கிற தலைப்பகுதி. தனியா இருக்கிற இலையும் விதையும் அந்த வரையறைக்குள்ள வராது. அந்தச் சந்துலதான் ராஜஸ்தான்லயும் உத்தரப் பிரதேசத்துலயும் பாங் கடை லைசென்ஸோட ஓடுது. 2022ல கர்நாடக உயர்நீதிமன்றம் பாங் இந்தச் சட்டத்துக்குள்ள வராதுன்னு ஒரு ஜாமீன் வழக்குல சொல்லிச்சு. தமிழ்நாட்டுல அப்படி ஒரு கடை கிடையாது. பிரௌனிக்குப் போடுறதோ இலை இல்லை, பூ. இல்லைன்னா பிசின். அதே சட்டம் 'வேற பொருளோட கலந்த கலவையும்' சேர்த்திதான்னு தெளிவாச் சொல்லுது.

இங்கதான் யாரும் கவனிக்காத ஒரு குழி. 2020 ஏப்ரல்ல ஹீரா சிங் வழக்குல உச்ச நீதிமன்றம், போதைப் பொருளோட சேர்ந்திருக்கிற மத்த பொருளோட எடையையும் சேர்த்துத்தான் 'சிறு அளவா, வணிக அளவா'ன்னு பார்க்கணும்னு சொல்லிடுச்சு. பிசின்ல சிறு அளவு 100 கிராம், ஒரு கிலோவைத் தாண்டினா வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைஞ்ச பட்ச தண்டனையே பத்து வருஷம், ஜாமீனும் லேசுல கிடைக்காது. நீங்க போட்டது என்னவோ ரெண்டு கிராம்தான். ஆனா அதை மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெயோட ஒண்ணரை கிலோ கேக்கா மாத்தி வச்சிருக்கீங்க. தராசுல எதை வைக்கணும்னு உங்க வக்கீலும் அரசு வக்கீலும் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க எங்க இருப்பீங்கன்னு சொல்லத் தேவையில்லை. 2021 ஜூலைல மும்பையில ஒரு உளவியல் நிபுணரைப் பிடிச்சு, ஏறத்தாழ 10 கிலோ ஹஷ் பிரௌனி பறிமுதல்னு என்.சி.பி. அறிவிச்சது ஞாபகம் இருக்கலாம். அந்த 10 கிலோவுல முக்கால்வாசி மைதாவும் சர்க்கரையும்தான், ஆனா செய்தியில வந்த எடை 10 கிலோ.

சொல்லாம கொள்ளாம பர்த்டே கேக்குல கலந்து ஃபிரண்ட்ஸுக்குக் கொடுத்து வீடியோ எடுக்கிற வீரர்களுக்கு ஒரு வரி போதும். தெரியாம ஒருத்தருக்கு மயக்கப் பொருள் கொடுக்கிறது இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 123வது பிரிவு, பத்து வருஷம் வரைக்கும் போகலாம். அது காமெடி இல்லை.

ஆனா எனக்கு உண்மையிலேயே வயித்தெரிச்சல் இதுல எதுவும் இல்லை. பெரியவங்க தெரிஞ்சு தின்னு தெரிஞ்சு படுறாங்க. ஃப்ரிட்ஜுல மிச்சம் இருக்கிற ரெண்டு துண்டு யாருக்கு? சாக்லேட் கலர், சாக்லேட் வாசனை. வீட்டுக்கு வந்த அக்கா பொண்ணுக்கு மூணு வயசு. அது கால்குலேட்டர் பார்க்காது.

அமெரிக்க விஷத்தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகளை வச்சு 2023ல 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல ஒரு கணக்கு வந்துச்சு. ஆறு வயசுக்குக் கீழ, கஞ்சா தின்பண்டம் சாப்பிட்டுட்ட பிள்ளைங்க 2017ல 207. 2021ல 3,054. கிட்டத்தட்ட எல்லாமே வீட்டுக்குள்ள நடந்தது. அஞ்சுல ஒண்ணுக்கு மேல ஆஸ்பத்திரியில அட்மிட். பெரியவனுக்கு ஜாலியா இருக்கிற அளவு பத்துப் பன்னெண்டு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு என்ன பண்ணும்? எழுப்ப முடியாத தூக்கம், தள்ளாட்டம், மூச்சு மந்தம். சிலதுக்கு வென்டிலேட்டர் வரைக்கும். கனடாவுல தின்பண்டத்தை அனுமதிச்ச மாகாணங்கள்லயும் அனுமதிக்காத கியூபெக்லயும் பிள்ளைங்க அட்மிஷனை ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. அனுமதிச்ச இடத்துலதான் ஏத்தம் அதிகம். இத்தனைக்கும் அங்க குழந்தையால திறக்க முடியாத டப்பா, முத்திரை, 10 மில்லிகிராம் உச்சவரம்பு எல்லாம் இருந்துச்சு. இங்க எவர்சில்வர் டப்பா. மூடி கூட டைட்டா இருக்காது.

இப்ப அடுத்த கோஷ்டிக்கு வர்றேன். கை தட்டிக்கிட்டு இருந்த போஸ்டர் கோஷ்டி, உங்களைத்தான்.

2022 ஆகஸ்ட்ல மாநிலம் முழுக்க பள்ளி, கல்லூரியில உறுதிமொழி எடுத்தாங்க. அதே வருஷம் போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா 2.0'ன்னு வேட்டை நடத்துச்சு. சரி, வேட்டை நடக்கட்டும். அதுக்கப்புறமும் கோயம்புத்தூர்ல கஞ்சா சாக்லேட், திருப்பூர்ல கஞ்சா சாக்லேட்னு செய்தி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அதாவது தின்பண்டமா அது ஏற்கனவே நம்ம தெருவுக்கு வந்தாச்சு, பெட்டிக்கடை பாட்டில் வரைக்கும். ஒரு பிள்ளை அதைத் தின்னுட்டா என்ன பண்ணணும்னு எந்த உறுதிமொழியில, எந்தப் போஸ்டர்ல இருக்கு? கை நீட்டி உறுதிமொழி சொன்ன பிள்ளைக்கு, சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும்கிற ஒரு வரி தெரியுமா? டாஸ்மாக்குல குவார்ட்டர் வாங்குறவருக்குக் கூட பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கு. அவரு படிக்கிறாரோ இல்லையோ, எழுதியிருக்கு.

நீங்க மௌனமா இருக்கிறதால அந்த இடத்தை நிரப்புறது யாருன்னு நினைக்கிறீங்க? நாலு டெசிமல் கால்குலேட்டர்தான். சொல்லிக் கொடுத்தா கெட்டுப் போவாங்கன்னு நீங்க விட்ட விஷயத்தை சப்ளையர் சொல்லிக் கொடுக்கிறான், அவன் வியாபாரத்துக்கு ஏத்த மாதிரி.

இதுல கொடுமை, ஆஸ்பத்திரி பயம். நஞ்சு உள்ள போனதா சந்தேகம் இருந்தா எம்.எல்.சி. போடுவாங்க, போலீசுக்குத் தகவல் போகும். இது தெரிஞ்ச பய என்ன பண்ணுவான்? மயங்கிக் கிடக்கிற ஃபிரண்டை மொட்டை மாடியில படுக்க வச்சு எலுமிச்சம்பழம் தேய்ப்பான். தயிரைப் புகட்டுவான். பிள்ளைன்னா, "பஸ்ஸுல வந்த அசதி டாக்டர், அதான் தூங்குது"ன்னு பொய் சொல்லுவான். டாக்டர் மூளைக்காய்ச்சலான்னு ஸ்கேன், முதுகுத்தண்டுல ஊசின்னு தேடிக்கிட்டு இருப்பாரு, பிள்ளைக்கு மூச்சு இறங்கிக்கிட்டு இருக்கும். அடிமையானவன் தானா சிகிச்சைக்கு வந்தா வழக்குல இருந்து விலக்கு கொடுக்க அதே என்.டி.பி.எஸ். சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. அந்த மனசை அவசர சிகிச்சைக்கு வர்றவன் விஷயத்துலயும் காட்டி, "முதல்ல உயிரைக் காப்பாத்துவோம், என்ன சாப்பிட்டான்னு நிஜத்தைச் சொல்லு, உன்மேல கேஸ் இல்லை"ன்னு ஒரு அரசாணை போட்டா என்ன குடி முழுகிடும்? வேட்டைக்கு வச்ச பேருக்கு மூணாம் பதிப்பு, நாலாம் பதிப்புன்னு நம்பர் ஏறுது. இதுக்கு ஒண்ணாம் பதிப்பே வரலை.

'அப்ப சட்டபூர்வமாக்கணும்கிறியா?'ன்னு கேட்டு ஒருத்தர் வருவாரு. தாய்லாந்து 2022 ஜூன்ல கதவைத் திறந்துச்சு, ஒழுங்கான விதி இல்லாம மூணு வருஷம் தள்ளாடி, 2025 ஜூன்ல மருத்துவர் சீட்டு இருந்தாதான் பூன்னு திரும்பிக்கிச்சு. திறக்கிறதும் மூடுறதும் பெரிய விவாதம், அதுக்குத் தனிப்பதிவு போடணும். நான் கேட்கிறது அதுல பாதி கூட இல்லை. இருக்கிற சட்டத்துக்குள்ளயே வாயைத் திறந்து பேசுங்கன்னுதான்.

சித்தர்களே, உங்ககிட்டயும் ஒண்ணுதான். அளவு தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, கணக்குன்னு சொல்லாதீங்க. என்னைக் கேட்டா அந்த அவனை முறுக்கு பிஸ்கட்டுக்கு வச்சுக்கிட்டு இதை விட்டுடுங்க. விடமாட்டேன்னா, இன்னொருத்தர் தட்டுல வைக்காதீங்க. பிள்ளைங்க வந்து போற வீட்டுல அந்த டப்பாவே இருக்கக் கூடாது. ஒண்ணும் தெரியலைன்னு ரெண்டாவது துண்டுக்குக் கை நீட்டாதீங்க, வண்டிச் சாவியைத் தொடாதீங்க, தண்ணியோட கலக்காதீங்க. யாராவது எழுப்பியும் எழும்பலைன்னா, நெஞ்சு வலின்னா, சம்பந்தமில்லாம பேசினா, வாந்தி எடுக்க வைக்கிறேன்னு விரலை விடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108. பிள்ளைன்னா அறிகுறி வர்றதுக்கே காத்திருக்காதீங்க, தின்னது தெரிஞ்ச நிமிஷமே கிளம்புங்க. டாக்டர் கிட்ட போனதும் முதல் வாக்கியமா சொல்லுங்க, "கஞ்சா கலந்த கேக் சாப்பிட்டிருக்கு, இத்தனை மணிக்கு."

பின்னூட்டத்துல "நீ என்ன போலீஸா?"ன்னு ஆரம்பிக்கப் போறவங்க, அந்த ரெண்டாவது கட்டத்துல என்ன நம்பர் போட்டீங்க, அது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க :-)